இருபத்துநாலு அங்குல வெளிச்சம்

அவளுக்குத் தொழில் தையல். ஆனால் புதுத்துணி தைப்பதில்லை. ஊரார் எங்கோ தைத்து வாங்கிய உடுப்புகளைப் பிரித்து, இழுத்து, குறைத்துக் கொடுப்பதுதான் அவள் வேலை. இடுப்பு பெருத்தவர்களும், இடுப்பு பெருத்ததை ஒப்புக்கொள்ளாதவர்களும் அவளிடம் வருவார்கள். "துவைச்சதுல துணி சுருங்கிடுச்சு" என்பார்கள். "இந்த மாதிரி துணி அப்படித்தான்" என்று தலையாட்டிவிட்டு அளவு நாடாவை எடுப்பாள். இந்த ஒரு பொய்யை அவள் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பாளோ, கணக்கில்லை. மற்றபடி பொய் சொல்லத் தெரியாதவள்.

இரண்டாம் மாடியில் வீடு. முன்னறையில் மெஷின், அதற்கு மேலே டியூப் லைட், சுவரோரமாக நூல்கண்டுகள் அடுக்கிய நான்கு தட்டு அலமாரி. யாராவது சட்டை கொண்டுவந்தால் அதை எடுத்துக்கொண்டு நேரே பால்கனிக்குப் போவாள். அங்கே நின்றுதான் நூல் பொருத்திப் பார்ப்பாள். டியூப் லைட்டில் அசல் ஜோடி மாதிரி தெரியும் நூல், வெயிலில் பார்த்தால் பல்லை இளிக்கும். வேலை பழகிய முதல் வருஷம் ஒரு கறுப்புக் கோட்டுக்குக் கருநீல நூலில் தைத்துக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு மின்விளக்கை அவள் நம்புவதே கிடையாது.

அவள் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். நூற்றுச் சொச்சம் அடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கப்பலிலிருந்து பெட்டிகளை இறக்குவார், பிறகு ஏற்றுவார். இரண்டு கப்பலுக்கு நடுவே சும்மா இருக்கும் நேரத்தில் கடலைப் பார்ப்பார். பார்த்துப் பார்த்து ஒருநாள் கடல் நீலமே இல்லை என்று கண்டுபிடித்துவிட்டார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னார். "பின்னே என்ன கலரு?" என்று கேட்டாள். "ஒவ்வொரு மணிக்கும் ஒண்ணு" என்றார். கூண்டுக்குள் வெயில் அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வருஷமே ஒரு கப்பல் சமையல்காரன், தான் வாங்கி வைத்துத் திறக்காமலே விட்ட எண்ணெய்ச் சாயப் பெட்டியை அவர் தலையில் கட்டிவிட்டுப் போனான். அன்றிலிருந்து வார விடுமுறை என்றால் கடற்கரை என்று ஆகிவிட்டது. மடக்கு ஸ்டாண்டு, கைக்கடக்கமான பலகை, ஏழெட்டு பிரஷ், ஒரு குடை. குடையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று அவளையும் கூட்டிப் போனார். காற்றில் குடை முதல் நாளே பின்பக்கமாக மடங்கிக்கொண்டு செத்தது. ஆனால் அவள் மட்டும் அடுத்த வாரமும் போனாள்.

அவர் வரைகிற விதமே தனி. கோடு போடமாட்டார். பாறை என்றால் பாறையின் உருவத்தைப் பிடிக்கமாட்டார். அதன்மேல் அந்த நிமிஷம் விழுகிற வெளிச்சத்தைத்தான் பிடிப்பார். புள்ளியாக, பட்டையாக, அவசர அவசரமாகத் தொட்டுத் தொட்டு வைப்பார். நுரையில் பார்த்தால் வெள்ளையே இருக்காது. இளமஞ்சளும் ரோஜாவும் கிடக்கும். நிழலில் கறுப்பு இருக்காது, ஊதா. கிட்டப் போனால் துடைத்துப் போட்ட துணி மாதிரி இருக்கும். நாலடி பின்வாங்கினால் தண்ணீர் அசையும். அவளுக்கு ஓவியம் தெரியாது. ஆனால் நிழல் ஊதா என்பதை அவள் உடனே ஒப்புக்கொண்டாள். பால்கனியில் நூல் பொருத்துகிறவளுக்கு அது எப்போதோ தெரிந்த விஷயம்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. வெளிச்சம் நிற்காது. சூரியன் ஏற ஏறப் பாறை நிழல் சுருங்கும், தண்ணீரின் நிறம் மாறும். வரைகிறவருக்கு அது தெரியாது. பிரஷ் கையில் ஏறிவிட்டால் வீடு பற்றி எரிந்தாலும் திரும்பிப் பார்க்காத ஆள். அதனால் ஏழு மணிக்கு ஆரம்பித்து ஒன்பது மணி வரை தீட்டி, படத்தின் ஒரு பாதியில் ஒரு வேளை, மறு பாதியில் இன்னொரு வேளை என்று ஆகிவிடும். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வார். கைக்கடிகாரம் கட்டிப் பார்த்தார். சாயம் அப்பி முள்ளே மறைந்துபோனது. தெரிந்திருந்தாலும் பார்த்திருக்கமாட்டார்.

ஒருநாள் அவள் தன் பன்னிரண்டு அங்குலத் தையல் ஸ்கேலை மணலில் நட்டாள். அதன் நிழலை நாடாவால் அளந்தாள். முப்பத்தாறு அங்குலம் இருக்கும்போது அவர் ஆரம்பித்தார். இருபத்துநாலுக்கு வந்ததும் "போதும்" என்றாள். அவர் எரிச்சலோடு திரும்பினார். "இன்னும் அஞ்சு நிமிஷம்!" "போதும்னா போதும்." பிரஷைத் தூக்கிப் போட்டுவிட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து பலகையைச் சுவரில் சாய்த்துப் பார்த்தார். ஒரு மூலை வெறும் மரமாக இருந்தது. ஆனால் மீதி அத்தனையும் ஒரே காலை. அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் அதுதான் சட்டம். அவர் கடலைப் பார்த்து உட்காருவார். நிழல் கரைப் பக்கம் விழும் என்பதால் அவள் கடலுக்கு முதுகைக் காட்டி, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு நாடாவைப் பார்த்திருப்பாள். அவள் சொன்னால் எழுந்துவிடுவார். சொல்லும்போதெல்லாம் எரிந்து விழுவார், ஆனால் ஒரு தடவைகூட மீறியதில்லை.

இப்படியாக வீடு முழுக்க முடியாத கடல்கள். மெஷினுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், குளியலறைக் கதவுக்கு மேலே. குடியிருப்பில் அவருக்கு 'அரைக்கடல்' என்றே பெயர். ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்யும் அவள் தம்பி வந்தால் வாசலிலேயே ஆரம்பித்துவிடுவான். "அத்தான், மீதிக் கடல் எப்ப வருது?" அவர் சிரித்துக்கொண்டே பிரஷைத் துடைப்பார். "உங்க அக்கா அனுமதிச்சா வரும்." அந்தப் பேச்சு அவளுக்கு உள்ளூரப் பிடிக்கும். தான் இல்லாவிட்டால் இந்த மனிதருக்கு ஒரு படமும் உருப்படாது என்பதில் அவளுக்கு லேசான கர்வம் உண்டு. வெளியே காட்டிக்கொள்ளமாட்டாள்.

அவர் ஓய்வு பெற நான்கு மாதம் இருக்கும்போது துறைமுகத்தில் புதிதாகப் பயணிகள் மண்டபம் கட்டி முடித்தார்கள். மேலாளர் எப்படியோ விஷயம் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்தார். படங்களையெல்லாம் வரிசையாகப் பார்த்தார். சிரிக்கவில்லை, அதுவே பெரிய விஷயம். "மண்டபத்துல நுழைஞ்சதும் எதிர்ல ஒரு சுவர் காலியா இருக்கு. ஆறடிக்கு நாலடி. நம்ம ஆளு வரைஞ்சதே இருக்கட்டுமேன்னு பார்க்கறேன். ஆனா ஒண்ணு, மூலையெல்லாம் இப்படி மொட்டையா இருக்கக் கூடாது. முழுசா வேணும். திறப்பு விழாவுக்கு மூணு மாசம் இருக்கு" என்றார்.

மேலாளர் போனதும் கணவர் படங்களின் மொட்டை மூலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "இருபத்தொன்பது வருஷம் அங்க வேலை பார்த்திருக்கேன். நான் இறக்கின பெட்டி ஒண்ணுகூட அங்க இல்ல, எல்லாம் போயிடுச்சு. நான் போனதும் கூண்டுல வேற ஆளு. ஒண்ணே ஒண்ணாவது அங்க நின்னா நல்லா இருக்கும்" என்றார். எதையும் வாய்விட்டுக் கேட்கிற ஆள் இல்லை அவர். அதனால் அவளுக்கு அது நெஞ்சில் தைத்தது. எப்பாடு பட்டாவது அந்தச் சுவரை இவருக்கு வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தாள்.

நிழல் முப்பத்தாறிலிருந்து இருபத்துநாலுக்கு வரும் நாற்பது நிமிஷத்தில் ஆறடிப் பலகையை முடிக்க முடியாது. அப்படியானால் அதே இடம், அதே வெளிச்சம், பல நாள். ஆனால் அவர் தேர்ந்தெடுத்த பாறைகள் தண்ணீர் வற்றும்போதுதான் வெளியே தலைகாட்டும். காலை ஏழு மணிக்குத் தண்ணீர் வற்றியிருப்பது பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான். ஆக, மூன்று மாதத்தில் கையில் கிடைப்பது ஆறே காலை. தம்பி தன் ரிப்பேர் வண்டியில் பலகையை ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினான். "ஃபிரிட்ஜே தேவலாம், அதுக்காவது கைப்பிடி இருக்கு" என்று புலம்பினான்.

முதல் காலை பிரமாதமாகப் போயிற்று. இடப்பக்கப் பாறைகள் இரண்டும், ஈர மணலில் அவற்றின் நீண்ட நிழலும் வந்துவிட்டன. இரண்டாவது காலை மேகம். மூன்றாவது காலை தூறல்; பலகையை இறக்கவே இல்லை. நான்காவது காலை நடுக்கடல் வந்தது. ஐந்தாவது முறை பாதி நேரம் வெயில், பாதி நேரம் மேகம். வலப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு இன்னும் மொட்டை.

அன்று சாயங்காலம் அவள் காய்கறி வாங்கிவிட்டு வந்தபோது அவர் முன்னறையில் டியூப் லைட்டுக்குக் கீழே பலகையைச் சாய்த்து வைத்து வேலையில் இருந்தார். வலப்பக்கத்தில் ஒரு பாறை முளைத்திருந்தது.

"வீட்லயா?" என்றாள்.

"மனசுல இருக்கு எனக்கு. அதே கலர்தான். பாரு, தெரியுதா வித்தியாசம்?"

அங்கே வித்தியாசம் தெரியவில்லைதான். மறுநாள் விடிந்ததும் இருவருமாகப் பலகையைப் பக்கவாட்டில் சாய்த்துப் பால்கனிக்கு நகர்த்தினார்கள். வெயில் பட்டதும் புதுப்பாறை அழுக்குப் பழுப்பாக, யாரோ ஒட்டுப்போட்ட மாதிரி நின்றது. அவள் கறுப்புக் கோட்டில் கருநீல நூல் தைத்த அதே லட்சணம். அவர் உள்ளே போய்க் கரண்டியை எடுத்துவந்து சாயம் காய்வதற்குள் மொத்தத்தையும் சுரண்டி எடுத்தார். அவளுக்கு அழுகை வந்தது.

கடைசிக் காலை. நல்ல வெயில், தண்ணீர் நன்றாக உள்வாங்கியிருந்தது. ஸ்கேலை நட்டாள். முப்பத்தாறு. அவர் தொடங்கினார். வலப்பக்கத்தில் மூன்று பாறை வரவேண்டும், அவற்றின் நிழல் வரவேண்டும், நிழல் மேல் ஓடும் தண்ணீர் வரவேண்டும். முதல் பாறை முடியும்போது நாடாவில் இருபத்துநாலு.

வாயைத் திறந்து கடல் பக்கம் திரும்பினாள். அவர் முதுகுதான் தெரிந்தது. சட்டை வியர்த்து ஒட்டியிருந்தது. தோள் முன்னும் பின்னும் போய்வந்தது, அவ்வளவு வேகமாக அவர் வரைந்து அவள் பார்த்ததில்லை. இப்போது "போதும்" என்றால் எழுந்துவிடுவார். மீறமாட்டார், அதுதான் பிரச்சினையே. சுவர் போய்விடும். சொல்லாவிட்டால் படம் முழுமையாகும், ஆனால் தப்பாகும். மேலாளருக்குத் தெரியுமா? தெரியாது. பயணிகளுக்கு? பெட்டியைத் தேடுவார்களா, பாறை நிழலை அளப்பார்களா?

வாயை மூடிக்கொண்டாள். இருபது ஆயிற்று. பதினேழு. பதினாலில் அவர் எழுந்து நின்று பின்னால் நாலடி வந்தார். "முடிஞ்சுது" என்றார். பலகையில் ஒரு விரல் அளவுகூட மொட்டை இல்லை. அவள் அவசரமாக நாடாவைச் சுருட்டினாள்.

வண்டியில் வரும்போது அவர் கேட்டார். "இன்னிக்கு வெளிச்சம் ரொம்ப நேரம் நின்ன மாதிரி இல்ல?"

"ஆமா" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டில் படத்தை நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க அவள் விடவில்லை. காற்றில் தூசி படியும் என்று சொல்லி, காயும் வரை மெஷினுக்குப் பின்னால் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு துறைமுகத்து ஆட்கள் வந்து போர்வையால் சுற்றி எடுத்துப் போனார்கள்.

விழாவன்று அவர் இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். மண்டபத்தின் கிழக்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி. காலை வெயில் நேராக எதிர்ச்சுவரில் அடித்தது. படம் அங்கே ஆறடிக்கு நாலடியாக, கீழே பித்தளைத் தகட்டில் அவர் பெயரோடு தொங்கியது. மேலாளர் கைகொடுத்தார். கிரேன்காரர்கள் கூட்டமாக வந்து முதுகில் தட்டினார்கள். "அண்ணே, தண்ணி ஓடுதுண்ணே!" என்று ஒருவர் கத்தினார். அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். கூட்டம் பலகாரத் தட்டைப் பார்த்து நகர்ந்ததும் படத்தை நன்றாகப் பார்க்கத் தானும் பின்னால் நாலடி வந்தார். அவள் அவர் முகத்தையே பார்த்திருந்தாள். அந்த முகத்தில் சிரிப்பு எந்த நொடியில் நின்றது என்றுகூட அவளால் சொல்ல முடியும்.

இடப்பக்கப் பாறைகளின் நிழல் மணலில் நீளமாக, ஊதாவாகக் கிடந்தது. வலப்பக்கக் கோடிப் பாறையும் அதே உயரம்தான், ஆனால் நிழல் பாதிகூட இல்லை, நிறமும் வெளுத்துவிட்டது. ஒரே கடலில் ஏழு மணியும் ஒன்பது மணியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

அவள் அவர் பக்கத்தில் போய், "நான்தான்" என்றாள். "இருபத்துநாலு வந்ததும் பார்த்தேன். சொல்ல மனசு வரல. உங்க சுவரு போயிடும்னு சும்மா இருந்துட்டேன்."

அவர் படத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"அன்னிக்கு அங்கயே தெரியும். நிழல் குறுகினதை நானும்தான் பார்த்தேன். தெரிஞ்சேதான் வரைஞ்சேன். முழுசா வேணும்னு கேட்டாங்க, குடுத்தேன். இதுல நீ பண்ண தப்பு என்ன இருக்கு?"

"அப்ப வண்டியில வெளிச்சம் நின்னுச்சுன்னு கேட்டீங்களே?"

"உன்னை ஆழம் பார்த்தேன்." இப்போது சிரித்தார். "உனக்குப் பொய் சொல்ல வரலைடி. கழுத்தை ஜன்னல் பக்கம் திருப்பின பாரு."

அவளுக்கு முதலில் பாரம் இறங்கியது. பிறகு கோபம் தலைக்கேறியது. "நிழல் மாறுறது உங்களுக்கே தெரியும்னா, இருபத்திரண்டு வருஷமா நான் எதுக்கு அந்தக் குச்சியைக் கட்டிக்கிட்டு அழுதேன்? என்னை எதுக்குக் கூட்டிட்டுப் போனீங்க?"

"தனியாப் போறதுக்கா கல்யாணம் பண்ணிக்கிட்டேன்?" என்றார் அவர். அதற்குள் மேலாளர் படம் பிடிக்கக் கூப்பிட்டார். இருவரும் ஓவியத்துக்கு முன்னால் நின்றார்கள். அந்தப் புகைப்படத்தில் அவள் முகத்தைப் பார்த்தால் சிரிக்கிறாளா முறைக்கிறாளா என்று சொல்வது கஷ்டம்.

அந்த வாரம் கடற்கரைக்கு அவள் ஸ்கேலை எடுத்துப் போகவில்லை. "நீங்களே பார்த்துக்குங்க" என்றாள். "ஆகட்டும்" என்றார் அவர், கொஞ்சம் யோசித்துவிட்டு. அவர் சின்னப் பலகையைப் பொருத்தினார். அவள் பக்கத்தில், அவர் பார்க்கும் திசையையே பார்த்து உட்கார்ந்தாள். ஸ்கேல் நட்ட இத்தனை வருஷத்தில் கடலை முன்பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தது அன்றுதான். முதலில் பச்சையாக இருந்தது. பிறகு பச்சைக்குள்ளிருந்து ஒரு வெள்ளி வந்தது. பாறை இடுக்கில் தண்ணீர் போய்வருவதில் அவளுக்கு நேரம் போனதே தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தாள், அதில் சந்தேகமில்லை. அவர் எப்போது நிறுத்தினார் என்றுகூடக் கவனிக்கவில்லை. எழுந்தபோது மணல் காலைச் சுட்டது.

வீட்டுக்கு வந்ததும் அவர் சமையலறைத் தொட்டியில் பிரஷ் கழுவப் போனார். அவள் பலகையை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். துணியோ படமோ, அவள் கால் அங்கேதான் போகும். பலகையை வெயிலில் பிடித்தாள். இடப்பக்கப் பாறையின் நிழல் நீளமாக இருந்தது. வலப்பக்கப் பாறையின் நிழல் குட்டையாக இருந்தது. நடுவில் தண்ணீர் இரண்டுங்கெட்டானாக நின்றது. மூலை ஒன்றுகூட மொட்டை இல்லை.

இன்று இவரை யாரும் முழுசாகக் கேட்கவில்லை. எந்தச் சுவரும் காத்திருக்கவில்லை. தெரிந்தால் நிறுத்தியிருப்பார். தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை, அன்றைக்கும் தெரிந்திருக்கவில்லை. மண்டபத்தில் அத்தனை பேர் நடுவில், தன் கடைசிப் பெருமை கண்ணெதிரே சரிந்த அந்த நொடியில், இவள் குரலைக் கேட்டுவிட்டு அந்த மனிதர் பச்சைப் பொய் சொல்லியிருக்கிறார். இவள் தலையில் பழி விழக் கூடாது என்பதற்காக ஒரு பொய்யும், இவள் தோண்டித் துருவியபோது அதை மூட இன்னொரு பொய்யும். பிறகு பலகையைக் கட்டிலுக்கு அடியில், மற்றவற்றுக்குப் பின்னால் தள்ளிவிட்டுச் சமையலறை வாசலுக்கு வந்தாள்.

"அடுத்த வாரம் நான் ஸ்கேலை எடுத்துக்கறேன்" என்றாள்.

அவர் திரும்பவில்லை. "ஏன், கடல் பிடிக்கலையா?"

"பிடிச்சுது. ஆனா கை சும்மா இருந்தா எனக்கு ஒரு மாதிரி இருக்கு. ஏதாவது அளந்துக்கிட்டே இருந்து பழகிடுச்சு."

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பிரஷில் சாயம் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. ஆனாலும் அவர் கழுவிக்கொண்டே இருந்தார்.

"சரி, எடுத்துக்கோ" என்றார் கடைசியாக. "சொல்லும்போது மட்டும் கொஞ்சம் சத்தமாச் சொல்லு. அலைச் சத்தத்துல எனக்குக் கேக்காமப் போயிடப் போகுது."